ஓபெத்துக்கு உறுமல் திரும்பிட்டு, பழைய ஓபெத் திரும்பினதா?

கல்லடிப்பாலம்
மச்சான்மாரே ஒரு விசயம் கேக்கணும். சுவீடன் மெட்டல் பேண்ட் ஓபெத்தின்ட 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பம் 2024 நவம்பர்ல வந்தது, நான் பிந்தித்தான் எடுத்தன், போன கிழமை உதயதேவி ரெயில்ல கொழும்புக்குப் போகக்குள்ள வாழைச்சேனை தொட்டு மாகோ மட்டும் திருப்பித் திருப்பி அதத்தான் கேட்டன். எனக்கு இவனுகள் எண்டா 2001ல வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' தான். ஏ லெவல் படிக்கக்குள்ள கூட்டாளி ஒருத்தன் கொப்பி பண்ணித் தந்த சீடி, அம்மா கதவத் தட்டி ஆரடா உள்ளுக்க சத்தி எடுக்குறது எண்டு கேட்டவ. மறுகா 2011ல 'ஹெரிடேஜ்' வந்திச்சு, தொண்டைய முறுக்கிப் பாடுற அந்த உறுமலே இல்ல, எழுபதுகள்ல வந்த புரோக் ரொக் (நீளமா, சிக்கலாப் போற ரொக்) மாதிரி ஓர்கனும் மெல்லோட்ரோன் எண்ட பழைய கீபோர்டும், நாலு ஆல்பம் அப்படியே போயிட்டு. இப்ப உறுமல் வந்த உடனே சனம் எல்லாம் பழைய ஓபெத் வந்திட்டு எண்டு துள்ளுதுகள். எனக்கெண்டா அப்படிப் படல்ல. காது பழுதா எனக்கு?

அக்கரைக்காக்கா
காதுல ஒண்டும் பழுதில்ல தம்பி, ஆசையிலதான் பழுது. 2008ல 'வாட்டர்ஷெட்'டோட நிப்பாட்டின உறுமல பாடகன் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் 16 வருசம் கழிச்சி இப்படிப் பாடுறதே பெரிய காரியம், வயசும் அம்பதாகிட்டு. அதையும் குறை சொன்னா எப்புடி? மெட்டாலிக்கா பேண்ட்ட கத தெரியும்தானே, 1996ல 'லோட்' ஆல்பம் வந்து, பாட்டு மாறினதுக்கு முடிய வெட்டினதுக்கும் சேத்துத்தான் ஏச்சு வாங்கினானுகள். 2003ல 'செயின்ட் ஆங்கர்'ல கிட்டார் சோலோவ எடுத்திட்டு ஸ்நேர் டிரம்ம பால்மாப் பேணி மாதிரி அடிச்சானுகள். அதக் கேட்டவனுக்கு இது சொர்க்கம்.

தென்மோடி
கல்லடி சொல்றது சரி எண்டுதான் எனக்குப் படுது, ஆனா காரணம் வேற. நான் கூத்துப் பழக்குற வளவுக்குப் பக்கத்துல வளந்தவன். கூத்துல ரெண்டு வகை, வடமோடி எண்டா போர்க்கத, ஆட்டம் வேகம். தென்மோடிக்குப் பாட்டு இழுவை கூட. ரெண்டுக்கும் மத்தளம்தான் ஆனா அடி வேற. தென்மோடித் தாளத்துக்கு நிண்டு ஒருத்தன் தொண்டைய முறுக்கி வீமன் மாதிரிப் பாடினா அது வடமோடி ஆகுமா? கூத்துப் பழக்குற அண்ணாவியார் ஆளக் களரியால இறக்கிப் போடுவார். இந்த ஆல்பமும் அதுதான் மனே. குரல் டெத் மெட்டல், அதுக்குக் கீழ கிடக்குற தாளமும் கிட்டார் கோர்ட்ஸும் அந்த நாலு ஆல்பத்துல படிச்ச புரோக். பழசுல ஒரு ரிஃப் (கிட்டார்ல திரும்பத் திரும்ப வாற துண்டு) வந்தா அது நாலஞ்சு தரம் சுத்தி மண்டைக்குள்ள இறங்கும், இதுல நாம பிடிக்க முதல் அவன் அடுத்ததுக்குப் போயிடுவான். நம்பாட்டி 2003ல வந்த 'டாம்னேஷன்' போட்டுப் பாருங்க, அதுல ஒரு உறுமலும் இல்ல, ஆனா அதையும் எல்லாரும் பழைய ஓபெத் கணக்குலதானே வெச்சிரிக்கம்.

கல்லடிப்பாலம்
@தென்மோடி டாம்னேஷன நான் மறந்தே போயிட்டன் பாருங்க. அதுதான் விசயம் போல.

களுவாஞ்சிக்காத்து
ஒருத்தரும் கதையப் பத்திக் கதைக்கல்லியே! அது முழுக்க ஒரே கத, முதலாம் உலகப் போர் முடிஞ்ச காலம், பணக்காரத் தகப்பன் செத்துப் போறான், பிள்ளைகளுக்கு முன்னால உயில் வாசிக்கிறானுகள், குடும்பத்து ரகசியம் எல்லாம் வெளிய வருது. எட்டுப் பாட்டுல ஏழுக்குப் பேரே இல்ல, உயில்ட பந்தி இலக்கம்தான். ஜெத்ரோ டல் பேண்ட் பாடகர் இயன் அண்டர்சன் வந்து வசனமும் பேசி புல்லாங்குழலும் ஊதுறார். எனக்கு அந்த உறுமல் குழிக்குள்ள இருந்து கிழவன் கத்துற மாதிரித்தான் கேக்குது. பழைய ரசிகனுக்குப் போட்ட மிட்டாய் இல்ல அது, கதைக்குத் தேவைப்பட்டிரிக்கு. காணிப் பங்குல சண்ட பிடிச்ச குடும்பத்துல பிறந்தவனுக்கு (நானும்தான்) இது கெதியா விளங்கும். புது டிரம்மர் வால்டேரி வாய்ரிநென் பரடைஸ் லொஸ்ட் பேண்டுல அடிச்சவன், அவனையும் ஒருக்கா கவனிங்க.

அக்கரைக்காக்கா
காணிக் கதைய எடுத்தா இந்தத் திரெட் இண்டைக்கு முடியா 😂

கல்லடிப்பாலம்
ரெயில்ல வரிகள் ஒண்டும் விளங்கல்ல, உண்மையச் சொன்னா நான் பாக்கவும் இல்ல. வரிய எடுத்து வெச்சிட்டு இரவைக்கு மறுகா ஒருக்கா கேக்கன். பகல்ல ஏலா, பக்கத்துல சாமத்திய வீடு, ஸ்பீக்கர என்ட ஜன்னலுக்கு நேரா கட்டியிரிக்கானுகள்.