புதுப்பிப்பு: நான்கு வழிச் சாலையைக் கடப்பது, எது பலன் தந்தது

பச்சை விளக்கு அணைவதற்குள் முதியவர்களாலும் சைக்கிளில் வரும் பிள்ளைகளாலும் எங்கள் பகுதிச் சாலையைக் கடக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதலில் அளந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் திருப்பம். சாலையின் அகலம் 14 மீட்டர், பச்சை 12 நொடி. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அது சரி. 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கோ 17 நொடிக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கை அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்ததும் பச்சை நேரத்தை 18 நொடியாக்கினார்கள். வெறும் புகார் மனுவுக்கு அதுவரை பதிலே வந்ததில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பலன், வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 5 நொடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை தரும் யோசனையில் கிடைத்தது. திரும்பும் வண்டிகள் வருவதற்குள் மக்கள் நடுவழியை நெருங்கிவிடுவதால் ஓட்டுநர்கள் கண்ணில் தெளிவாகப் படுகிறார்கள். கடக்கும் இடத்தை ஒட்டி வண்டி நிறுத்தவும் தடை வந்தது.

எதிர்பாராதது ஒன்று: கடப்பவர்கள் சாலை நடுவில் நின்று செல்வதற்கான நடுத்திட்டை 1.5 மீட்டர் அகலத்தில் கட்டினார்கள். சைக்கிளின் நீளமோ ஏறக்குறைய 1.8 மீட்டர்! பின்சக்கரம் சாலையிலேயே நின்றது. பார்க்கவே பதறியது. அப்புறம் 2.5 மீட்டராக அகலப்படுத்தினார்கள். நடுத்திட்டு கேட்பவர்கள் இந்த அளவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.