‘பிறமொழியாளர் ஆங்கிலம்’: பெயரும் அதன் வழங்கலும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிரித்தானியாவில், பிற மொழி பேசும் வளர்ந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளை (English for Speakers of Other Languages, சுருக்கமாக ESOL) நாடு முழுவதும் இணைத்து நடத்தும் பணிக்குத் தமிழில் ‘இரண்டாம் மொழி ஆங்கிலக் கல்வி ஒருங்கிணைப்பு’ என்ற பெயரைக் கல்முனை அன்பர் முன்வைத்திருந்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அப்பெயரின் இரு முனைகளும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ‘இரண்டாம் மொழி’. இலங்கையில் 2007 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் மற்ற அரசகரும மொழியில் ஐந்தாண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து, மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இரண்டாம் மொழி வகுப்பு என்றால் தமிழ் உத்தியோகத்தருக்குச் சிங்கள வகுப்பே நினைவுக்கு வருகிறது. ஒரு பொருள் ஏற்கெனவே குடியிருக்கும் சொல்லுக்குள் இன்னொரு பொருளை ஏற்றினால் இரண்டுக்குமே இடைஞ்சல்.

இதைவிட முக்கியமான காரணம் என் அக்கா. ஆரையம்பதியில் தையல் வேலை பார்த்தவர். குவைத்தில் பத்தாண்டு இருந்ததால் அரபு பேசுவார், சிங்களமும் பேசுவார். ஐம்பது வயதுக்குப் பின் மகளோடு வாழ இலண்டன் போனார். ஆங்கிலம் அவருக்கு நான்காம் மொழி. அங்கே ஓரிடத்தில் தமிழில் ஒட்டியிருந்த அறிவித்தலில் ‘ஆங்கில அறிவற்றோருக்கான வகுப்பு’ என்று இருந்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். மூன்று மொழி பேசும் ஒருவரை ‘அற்றோர்’ என்று அழைப்பது பிழையான மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. ஆங்கில மூலத்தில் அவர்கள் பிற மொழிகளைப் பேசுவோர் என்றே குறிக்கப்படுகிறார்கள். அவர்களிடம் இருப்பதைச் சொல்லும் பெயர் அது. ஆகவே ‘பிறமொழியாளர்’ என்பதே பொருந்தும். வகுப்பின் பெயர் ‘பிறமொழியாளர் ஆங்கிலம்’ என்றிருக்கட்டும். ‘வயது வந்தோர்’ என்பதற்குப் பதிலாக நம் நாட்டு வழக்கான ‘வளர்ந்தோர்’ போதும்.

இனி ‘ஒருங்கிணைப்பு’. குடியேறியோரைச் சமூகத்தோடு இணைப்பதையும், பல நிறுவனங்களின் வேலையை இசைவிப்பதையும் இச்சொல் ஒன்றே சுமக்கிறது. பிரித்தானிய அரச ஆவணங்களில் இவ்விரண்டும் அருகருகே வருவதால், இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் யாரை யாரோடு இணைக்கிறார்கள் என்றே விளங்காது. இலங்கைத் தமிழில் முன்னதற்கு ‘ஒருமைப்பாடு’ உண்டு. பின்னதற்கு ‘இணைப்பாக்கம்’ உண்டு. இணைப்பாளர் என்ற பதவிப்பெயரை அறியாத கிராம சேவகர் பிரிவு நம் மாவட்டத்தில் இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. அக்கா மூன்று இடங்களில் பதிந்தார்: ஒரு கல்லூரி, உள்ளூராட்சி மன்ற நிலையம், ஒரு தேவாலய மண்டபம். மூன்றிலும் தனித்தனியே மட்டப் பரீட்சை வைத்தார்கள். உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதுக என்ற கேள்விக்கு மூன்று முறையும் கல்லடிப் பாலத்தைப் பற்றியே எழுதினாராம். இரண்டு இடங்களில் காத்திருப்போர் பட்டியல். மூன்றாவதில் அவருக்கு எட்டாத உயர் வகுப்பு. கற்பிப்போர் இருந்தார்கள், கற்பவரும் இருந்தார், இல்லாதிருந்தது இணைப்பாக்கம். ஸ்கொட்லாந்து 2007 இலேயே இதற்கென உபாயத் திட்டம் வகுத்தது. வேல்ஸ் 2014 இல் கொள்கை வெளியிட்டது, கார்டிஃபில் ஒரே இடத்தில் மட்டத்தை அறிந்து உரிய வகுப்புக்கு அனுப்பும் மையமும் உண்டு. இங்கிலாந்துக்கும் அவ்வாறான திட்டம் வேண்டுமென்று ஆசிரியர் சங்கமான நடெக்லா (NATECLA) 2016 இல் வலியுறுத்தியது. பிரித்தானியாவில் கல்வி அதிகாரம் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் என்று பகிரப்பட்டிருப்பதால் ‘தேசிய’ என்றால் எந்தத் தேசம் என்ற கேள்வி எழும். ‘நாடளாவிய’ என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சுவது, வகுப்பும் ஆசிரியரும் நிதியும் சேர்ந்து கற்பவரைச் சென்றடையும் அந்த முழுச் செயலுக்கான பெயர் (ஆங்கிலத்தில் provision). ‘ஏற்பாடு’ என்று எழுதலாமென நானும் முதலில் எண்ணினேன். ஆனால் நம் சட்டத் தமிழில் ‘சட்டத்தின் ஏற்பாடுகள்’ என்றும், வரவுசெலவில் ‘நிதி ஏற்பாடு’ என்றும் அது இறுகிவிட்டது. ‘வழங்கல்’ அப்படியல்ல. நீர் வழங்கல் என்றால் குளமும் குழாயும் வீட்டு முற்றத்துப் பைப்பும் சேர்ந்தே கண்முன் வருகின்றன. எங்கே அடைபட்டாலும் வழங்கல் இல்லை என்றே சனங்கள் சொல்கிறார்கள். கற்கைக்கும் அதுவே பொருத்தம்.

ஆக என் முன்மொழிவு: ‘வளர்ந்த பிறமொழியாளருக்கான ஆங்கிலக் கற்கை வழங்கலின் நாடளாவிய இணைப்பாக்கம்’. நீளம்தான். தலைப்பில் ஒருமுறை முழுமையாக எழுதிவிட்டு, உள்ளே ‘கற்கை வழங்கல் இணைப்பாக்கம்’ என்று சுருக்கலாம். காரைதீவில் 1892 இல் பிறந்து, சென்னையில் சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் மண்ணின் மக்கள் நாம். சொல்லின் நீளத்துக்கு அஞ்சிப் பொருளை விட்டுவிட வேண்டியதில்லை.

‘வழங்கல்’ பொருட்களுக்கு மட்டுமே உரியது, கல்விக்கு ஆகாது என்று கருதுவோர் இருப்பின், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுமாறு வேண்டுகிறேன். தனிச்சொல்லாக நன்றாகத் தோன்றுவது வாக்கியத்தில் இடறிவிடுகிறது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்