பையனுக்கு வைட்டமின் டி 11தான்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது, எடை 52 கிலோ. கால் வலி என்று அடிக்கடி சொன்னதால் ரத்தப் பரிசோதனை செய்தோம். வைட்டமின் டி 11 நானோகிராம் என்று வந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனாலே குறைபாடுதானாம். மதுரை வெயிலில் வளர்கிற பிள்ளைக்கு இப்படியா என்று மனசு கேட்கவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். உடம்பில் கொழுப்பு அதிகமாக இருந்தால் அதிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் குறைவாகத்தான் தெரியும். அதனால் குண்டான பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத் தேவைப்படலாம் என்றார். 60,000 யூனிட் பவுடர், வாரம் ஒரு பாக்கெட், ஆறு வாரத்துக்கு எழுதித் தந்திருக்கிறார். இதனால் எடை குறையாது, அது வேறு வேலை என்றும் சொல்லிவிட்டார்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா? ஆறு வாரத்தில் அளவு ஏறியதா, இல்லை டாக்டர் மறுபடி கொடுக்கச் சொன்னாரா? எவ்வளவு நாள் கழித்துத் திரும்பப் பரிசோதித்தீர்கள்?

அப்புறம் வெயில். காலை ஏழு மணி வெயில் போதாது, பதினொன்றுக்கு மேல்தான் பலன், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது உதவாது என்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கிறான். ஞாயிறு மட்டும் மொட்டை மாடியில் விளையாட விடுகிறேன். பள்ளி நாட்களில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "குண்டன்" என்று கூப்பிடுவதால் மைதானத்துக்கே போக மாட்டேன் என்கிறான். அதற்கும் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.