யூனிட்டி கேட்டலாக் அனுமதிகளை டெராஃபார்மில் எழுதும்போது பழைய அனுமதிகள் நீங்கிவிடுகின்றன

கேள்வி:
டேட்டாபிரிக்ஸ் தளத்தில் தரவுக்கான அனுமதிகளை ஆளும் யூனிட்டி கேட்டலாக்கின் ஸ்கீமாக்களையும் (டேபிள்களின் தொகுப்புகள்) அனுமதிகளையும், உள்கட்டமைப்பைக் கோடாக எழுத உதவும் டெராஃபார்ம் கருவியில் எழுதத் தொடங்கியுள்ளோம். ஒரு குழுவுக்குத் திரை வழியாகக் கைமுறையில் கொடுத்த செலக்ட் (டேபிளைப் படிக்கும்) அனுமதி, அடுத்த அப்ளை (கோடில் உள்ளதைச் செயல்படுத்தும் கட்டளை) முடிந்ததும் காணாமல் போகிறது. இதற்குக் காரணம் என்ன? ஏற்கெனவே உள்ள ஸ்கீமாக்களை அழிக்காமல் கோடுக்குள் கொண்டுவர வழி உண்டா?

பதில் 1:
நீங்கள் பயன்படுத்துவது 'கிரான்ட்ஸ்' என்ற பன்மை ரிசோர்ஸாக (டெராஃபார்ம் ஆளும் ஒன்றைக் கோடில் வரையறுக்கும் பகுதி) இருக்க வேண்டும். ஒரு ஸ்கீமாவின் மீதுள்ள அனுமதிகள் முழுவதையும் அதுவே ஆள்வதால், கோடில் இல்லாத எதையும் அடுத்த அப்ளையில் நீக்கிவிடும். 'கிரான்ட்' என்ற ஒருமை ரிசோர்ஸோ, குறிப்பிட்ட ஒரு பயனர் அல்லது குழுவின் அனுமதிகளை மட்டுமே தொடும். ஒரே ஸ்கீமாவுக்கு இரண்டையும் கலந்து எழுதினால் ஒன்று கொடுத்ததை மற்றொன்று பறிக்கும். என்னைக் கேட்டால் பன்மையையே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் மாற்றும் பழக்கத்தைத்தான் (அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான்) நிறுத்த வேண்டும்.

பதில் 2:
இரண்டாம் கேள்விக்கு: டெராஃபார்ம் 1.5 முதல், ஏற்கெனவே உள்ளதை டெராஃபார்மின் கட்டுப்பாட்டுக்குள் சேர்க்கும் இம்போர்ட் பிளாக்கைக் கோடிலேயே எழுதலாம். கேட்டலாக் பெயரையும் ஸ்கீமா பெயரையும் புள்ளியிட்டு இணைத்தால் அதுவே அந்தப் பிளாக்கில் தர வேண்டிய ஐடி. அப்ளைக்கு முன் பிளானை (செய்யப்போகும் மாற்றங்களின் பட்டியல்) படித்து, ஸ்கீமாவை அழித்து மீண்டும் உருவாக்கும் வரி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசோர்ஸின் லைஃப்சைக்கிள் பிளாக்கில், அழிப்பைத் தடுக்கும் பிரிவென்ட் டெஸ்ட்ராய் இட்டிருந்தால் அத்தகைய பிளான் பிழையோடு நின்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி, பன்மை ரிசோர்ஸ்தான். இப்போது செலக்ட் நிலைத்திருக்கிறது, ஆனால் அந்தக் குழுவால் டேபிளைப் படிக்க முடியவில்லை.

பதில் 1:
செலக்ட் மட்டும் போதாது; ஸ்கீமாவுக்கு மேலே உள்ள கேட்டலாக்கில் 'யூஸ் கேட்டலாக்' அனுமதியும் ஸ்கீமாவில் 'யூஸ் ஸ்கீமா' அனுமதியும் அதே குழுவுக்குக் கொடுங்கள்.