இசை நாடகம்: நடிப்பு, எழுத்து, வாத்தியார் வேலை மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோக முடியுமா?

தினைப்புனம்_24

எல்லாருக்கும் வணக்கம். வயது 24. இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு டிப்ளமோ முடித்திருக்கிறேன். சுருதி (பாடும் ஆதார ஸ்வரத்தின் உயரம்) 5 கட்டை. ஸ்பெஷல் நாடகத்தில் (ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி போடும் இசை நாடகம்) ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) போட ஆசை. கூடவே, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒரு தெருவை வைத்து ஒன்றரை மணி நேர இசை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கவும் விருப்பம்.

மூன்றில் எதை முதலில் பிடிப்பது? என் பாட்டுகளைத் தாளில் படித்தால் நன்றாக இருக்கிறது, பாடினால் மூச்சு முட்டுகிறது, எங்கே தப்பு? எழுதியதை ஒரு குழுவுக்குக் கொடுத்தால் உரிமை யாருக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்மோனியக்கட்டை

மேடைதான் முதலில், தங்கச்சி. இசை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்துக்குள் வந்ததும் 24 வயதில்தான், 1891இல். முதலில் வேஷம் கட்டினார், பிறகு எழுத்து, அதன் பிறகே வாத்தியார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. மேடையில் நின்று பழகியவர் எழுதியதால்தான் அவர் பாட்டு நடிகர் வாயில் இன்றும் உட்காருகிறது.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் (கோமாளி), டான்ஸ், மத்தளம் எல்லாம் வேறு வேறு ஊர். அன்று ராத்திரி ஒப்பனைக் கொட்டகையில்தான் முகம் பார்ப்பீர்கள். அதனால் முழுப் பாடமும் உங்கள் வாயில் இருக்க வேண்டும். வள்ளி திருமணத்தை எடுங்கள். அதிகம் கூப்பிடுவது அதற்குத்தான். வள்ளியின் பாட்டுகள் மட்டும் போதாது. நாரதர் - வள்ளி தர்க்கத்தில், அதாவது இருவரும் மாறி மாறி வாதாடும் இடத்தில், நாரதர் பக்கத்தையும் சேர்த்துப் பாடம் பண்ணுங்கள். புதிதாக வருகிறவர்கள் விழுகிற இடம் அதுதான். எதிராளி பாடத்தில் இல்லாத கேள்வியைப் போடுவார், இவர்கள் வாயடைத்து நிற்பார்கள். கைவசம் ஐந்தாறு விருத்தங்கள் (தாளம் இல்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) எப்போதும் வேண்டும். ஆர்மோனியத்தைப் பார்த்து ராகத்தை இழுத்தாலே போதும், ஆர்மோனியக்காரர்கள் நாங்கள் தூக்கிக் கொடுப்போம்; நீங்கள் பாடும் நேரத்தில் பதில் மனதில் வந்துவிடும்.

சுருதி விஷயம் இன்னும் முக்கியம். நீங்கள் 5 கட்டை. ராஜபார்ட் 1 கட்டை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அவருடைய பஞ்சமம்தான் (ப) உங்கள் ஷட்ஜம் (ச). அவருடைய ஷட்ஜம் உங்களுக்கு மத்திமம் (ம). அதே ரீடுகளைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மத்திம சுருதியில் (மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்து) பாடிவிடலாம். செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்கள் இதற்கு அருமையாக ஒத்துவரும். மேலே ஏறிப் பாடும் மோகனத்துக்கு இது உதவாது. ராஜபார்ட் 2½ கட்டை என்றால்தான் சிக்கல். தர்க்கம் முழுவதையும் யார் சுருதியில் வைப்பது என்று திரை தூக்கும் முன்பே ஆர்மோனியக்காரரிடம் பேசி முடித்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் இருவரில் ஒருவர் தொண்டை கட்டிக்கொள்ளும்.

மைக் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தார ஸ்தாயியில் (மேல் உச்சத்தில்) இரண்டு சாண். ஒலிபெருக்கி செட்காரரிடம் வசனத்துக்கு எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்கோ கூடினால் தர்க்கத்தில் ஒரு சொல்கூட ஜனங்களுக்குப் போய்ச் சேராது, எவ்வளவு நன்றாகப் பாடினாலும்.

நொண்டிச்சிந்து

எழுத்தைப் பற்றி. தாளில் இனிக்கும் பாட்டு தொண்டையில் சிக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: மாத்திரைக் கணக்கு, ஈற்றெழுத்து.

ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (சுற்று) எட்டு அட்சரம் (எண்ணிக்கை). ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தால் 16 இடம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, பின்னால் ஒற்று வரும் குறிலுக்கும் இரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள். (இலக்கணப் புத்தகத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான், பாடும்போது அது முழு இடம் பிடித்துக்கொள்ளும்.) 14 அல்லது 15 இடத்தில் வரி முடிய வேண்டும், மிச்சம் மூச்சுக்கு. உங்கள் கதையையே வைத்துப் பார்ப்போம்:

தண்ணீர் வண்டி வருமா சொல்லு

எண்ணிப் பாருங்கள், 14 வரும். கணக்கு சரி. ஆனால் ‘சொல்லு’ உகரத்தில் முடிகிறது. உதடு குவிந்து ஒலி அடங்கிவிடும், நீட்ட முடியாது. நீட்டினால் ‘சொல்லூ’ என்று கேட்கும், ஜனம் சிரிக்கும். அதையே இப்படி மாற்றுங்கள்:

தண்ணீர் வண்டி வருமோ தாயே

இது 15. ஏகாரத்தில் வாய் திறந்தபடி நிற்கும், பாடகர் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், மத்தளம் தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைக்க இடமும் கிடைக்கும். உச்ச ஸ்வரம் விழும் இடத்தில் ஆ, ஏ, ஓ வரும்படி சொல்லைத் தேடுங்கள். அங்கே க், ட், ற் போன்ற வல்லின ஒற்று வந்தால் ஸ்வரம் வெட்டுப்படும். ம், ன், ல் பரவாயில்லை, மூக்கிலோ நாக்கிலோ ஒலி கொஞ்சம் தங்கும்.

எதுகைக்காக அர்த்தத்தை விட்டுவிடாதீர்கள். கேட்கிறவருக்கு வரி ஒரே முறைதான் காதில் விழுகிறது. திரும்பப் படிக்க வழியில்லை. பெயர், இடம், எண் மூன்றையும் வரியின் முதல் பாதியிலேயே வையுங்கள்.

எந்த இடத்தில் பாட்டு, எந்த இடத்தில் வசனம்? முதலில் காட்சி முழுவதையும் வசனமாகவே எழுதிவிடுங்கள். பிறகு உரக்கப் படியுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் மாறி மாறி இடித்துப் பேசுகிற இடம் தர்க்கப் பாட்டு. ஒருத்தி தனியாக நின்று தாங்கமுடியாமல் சொல்லும் இடம் விருத்தம், தாளம் வேண்டாம். கதை ஒரு நாளைத் தாண்டிப் போகிற இடம் சிந்து அல்லது கண்ணி என்ற பாட்டு வகை. தகவல் சொல்லும் இடத்தில் பாட்டு வைக்காதீர்கள். லாரி எந்தக் கிழமை வரும் என்பதை வசனமாகச் சொன்னால் மூன்று நொடி, பாட்டாகச் சொன்னால் மூன்று நிமிடம்.

90 நிமிட நாடகத்துக்கு 12 பாட்டு தாராளம். சராசரி மூன்று நிமிடம் என்றால் 36 நிமிடம் பாட்டுக்கே போய்விடும். ஒரே பாத்திரத்துக்கு அடுத்தடுத்து இரண்டு பாட்டு கொடுக்காதீர்கள். மூன்றாவது ராத்திரியில் அந்தத் தொண்டை நிற்காது. ராகத்தையும் பிரித்து வையுங்கள். முகாரிக்குப் பின் உடனே நாதநாமக்கிரியை வைத்தால் இரண்டாவது சோகம் எடுபடாது.

நீங்கள் பாடிப் பார்த்துத் திருப்திப்படுவது போதாது. வேறு ஒருவரிடம் தாளைக் கொடுத்து முதல் தடவை பாடச் சொல்லி, அவர் மூச்சு வாங்கும் இடத்தைப் பென்சிலில் குறியுங்கள். சொல் நடுவில் குறி விழுந்தால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

மகரக்கட்டு

மேடைதான் முதலில் என்ற அண்ணன் சொல்லோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம். அப்போது தேதி கிடைக்கும், பிறகு குறைந்துவிடும். முதல் இரண்டு வருஷம் அந்த மாதங்களில்கூட டைரி நிறையாது. கற்பித்தலை முதல் நாளே ஆரம்பித்தால்தான் வாடகை போகும். ஜூன் முதல் மார்ச் வரை பள்ளி. புரட்டாசியிலிருந்து தை வரை எழுத்துக்கு நல்ல நேரம். மோதுகிற மாதங்கள் ஏப்ரலும் மே மாதமும்: கோடை முகாமும் அப்போதுதான், நாடகத் தேதியும் அப்போதுதான். இரண்டையும் வாங்கினால் விடிய விடியப் பாடிவிட்டு ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் முன்னால் தொண்டை இல்லாமல் நிற்க நேரும். முகாமை ஜனவரி பொங்கல் விடுமுறை, செப்டம்பர் தேர்வு விடுமுறை என்று நகர்த்துங்கள்.

வகுப்புக்கு 12 முதல் 15 பிள்ளைகள், ஒரு மணி நேரம், பத்து வாரம். கடைசி வாரம் பெற்றோர் முன் 20 நிமிட நாடகம். பத்து நிமிடம் மூச்சும் உடம்பும், இருபது நிமிடம் பாட்டு, மீதி காட்சி. பாட்டை வரி வரியாகக் கொடுங்கள், எழுதிக்கொள்ளவிடாதீர்கள். தாள் கையில் இருக்கும்வரை கண் மேலே வராது. இரண்டாம் வாரமே பாத்திரம் பிரித்துவிடாமல் ஐந்தாம் வாரம்வரை எல்லாரும் எல்லாப் பாட்டும் பாடட்டும். நாடகத்தன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த பிள்ளை நிற்கும்.

பையன்களிடம் 12, 13 வயதில் கவனம் வேண்டும். பாய்ஸ் கம்பெனிக் (சிறுவர்களே நடித்த நாடகக் குழு) காலத்தில் மகரக்கட்டு (குரல் உடைதல்) வந்த பையனின் ராஜபார்ட் வேஷம் அன்றோடு போய்விடும். நாம் அப்படிச் செய்யக் கூடாது. குரல் உடைகிறது என்று தெரிந்ததும் மேல் ஸ்தாயியை நிறுத்துங்கள், ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்கும் பாட்டைக் கொடுங்கள், பபூன் மாதிரி வசனம் அதிகமுள்ள பாத்திரத்துக்கு மாற்றுங்கள். வற்புறுத்திக் கத்தவைத்தால் அந்தத் தொண்டை பிறகு தேறுவது கடினம். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, நாடகத்தைவிடத் தொண்டை பெரிது.

கல்லூரியில் வாத்தியார் ஆக நினைத்தால் பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் நடனமும் நாடகமும் சேர்ந்த நிகழ்கலைப் பாடம் இருக்கிறது. முதுகலைக்குப் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு வழி. அங்குள்ள நிகழ்கலைப் பள்ளிக்குச் சுவாமிகள் பெயர்தான்.

தினைப்புனம்_24

அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி. ‘சொல்லு’ என்று முடியும் வரிகள் மட்டும் ஏழு இருக்கின்றன, இன்றே திருத்துகிறேன். உரிமை, பண விஷயம் யாராவது சொல்ல முடியுமா? ராத்திரி நாடகத்துக்குப் போலீஸ் அனுமதி பற்றியும் குழப்பமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அனுமதி: 1954ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எனவே, வசனத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தப் பிரிவுகள் இப்போது செல்லாது. ஒலிபெருக்கி வேறு விஷயம். மத்திய அரசின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அனுமதி வாங்குவது விழாக் கமிட்டியின் வேலை. வாங்கியாகிவிட்டதா என்று தேதி கொடுக்கும்போதே கேளுங்கள். இதனால்தான் ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடிகிற நாடகத்துக்கு இனி இடம் இருக்கிறது. உங்கள் ஒன்றரை மணி நேரம் நல்ல அளவு.

உரிமை: எழுதியவர் காலம் முழுவதும், பிறகு 60 வருஷம். சுவாமிகளின் நாடகங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன, யாரும் போடலாம். நடுவில் சேர்க்கும் சினிமா மெட்டுக்கு அது பொருந்தாது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றினால் அங்கேதான் தகராறு வரும். உங்கள் நாடகத்தைக் குழுவுக்குக் கொடுக்கும்போது ‘விற்றேன்’, ‘ஒப்படைத்தேன்’ என்று எழுதாதீர்கள். ‘மேடையில் நிகழ்த்த மட்டும் அனுமதி’ என்று எழுதி, எத்தனை ஆட்டம், எந்த மாவட்டங்கள், எந்தத் தேதி வரை, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று போடுங்கள். காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். வீடியோ உரிமையைத் தனி வரியாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கு வந்தால் கையில் ஒரு தாள் இருக்கும்.

பணம்: முன்பணம் வாங்காமல் நோட்டீஸில் படம் போட விடாதீர்கள். மீதியை ஒப்பனை போடும் முன்பே வாங்குங்கள், விடிந்த பிறகு கமிட்டியில் ஆள் தேட வேண்டியிருக்கும். போக்குவரத்து, சாப்பாடு, கதவு பூட்டக்கூடிய உடை மாற்றும் அறை, கழிப்பறை ஆகியவற்றைச் சம்பளத்தோடு சேர்த்தே பேசுங்கள். பெண் கலைஞர்கள் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. நாட்டுப்புற, செவ்வியல் நாடகத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி இல்லை.

உங்கள் வயதுக்கு அவசரமான ஒன்று. மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரைதான்: மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம், நாடகமும் உண்டு. யாரிடம் கற்கிறீர்கள் என்று குருவின் ஒப்புதல் வேண்டும். வயது தாண்டிவிட்டால் 25 முதல் 40 வரை இளநிலை ஃபெலோஷிப், மாதம் 10,000. அதற்கு ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் பதிந்து வையுங்கள்.

ஆர்மோனியக்கட்டை

கணக்குப்பிள்ளை சொன்ன குரு ஒப்புதலுக்கு, பாடம் சொல்லும் மூத்த ஸ்திரீபார்ட் ஒருவரை இப்போதே பிடியுங்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி எல்லாவற்றிலும் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. மாலையில் போய் உட்கார்ந்தால் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரத்தில் தெரியும். போகும்போது ஒரு நோட்டு, சுருதிப்பெட்டி, தர்க்கப் பாட்டைப் பதிய ஒரு போன். கேட்டால் பாட ஒரு விருத்தம், 5 கட்டையிலேயே பாடுங்கள். அவர்களுக்கு ஒத்துவருமே என்று இறக்கிப் பாட வேண்டாம்.