பழைய அடிதடிக் கார்ட்டூன்களுக்கு இன்றைய தொலைக்காட்சியில் இடம் இருக்கிறதா?

வழிப்போக்கன்:

டாம் அண்ட் ஜெர்ரி போன்ற பழைய அடிதடிக் கார்ட்டூன்களைத் தொலைக்காட்சிகள் கைவிட்டு வருகின்றன என்றும், காட்டினாலும் சில காட்சிகளை வெட்டிவிட்டே காட்டுகின்றன என்றும் பலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தப் படங்கள் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவையே அல்ல. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை 114 குறும்படங்களை உருவாக்கினார்கள். அவற்றுள் 7 படங்கள் ஆஸ்கர் விருது பெற்றன. திரையரங்கில் முழுநீளப் படம் தொடங்கும் முன், பெரியவர்களும் சிறியவர்களும் கலந்து அமர்ந்திருந்த கூட்டத்துக்காக, ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடிய படங்கள் அவை. அந்த ஏழு நிமிடம் முடிந்ததும் பூனையையும் எலியையும் மறந்துவிட்டு மக்கள் வேறொரு கதைக்குள் போய்விடுவார்கள்.

பின்னாளில் அதே படங்கள் மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு வந்து, குழந்தைகளுக்குரிய நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. பார்ப்பவர் மாறினார், பார்க்கும் அளவும் மாறியது. இதற்கு மேல் இன்னொரு மாற்றமும் உண்டு. இன்றைய குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒருவர் அடிபட்டால், அவருக்கு வலித்ததா என்ற கேள்வி கதைக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. பழைய படங்களிலோ அந்தக் கேள்வி எழவே கூடாது. எழுந்த நொடியில் சிரிப்பு நின்றுவிடும். இவ்விரண்டு வகைகளையும் ஒரே நிகழ்ச்சி நிரலில் அடுத்தடுத்து வைத்தால், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடும்.

கரிச்சான்:

நண்பர் வழிப்போக்கன் சொல்லும் வரலாறு சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் படங்களில் வலி இல்லை என்பது அவற்றின் குறை அன்று, அவற்றின் இலக்கணம். தட்டையாக நசுங்கிய பூனை அடுத்த காட்சியில் முழு உருவத்தோடு எழுந்து வருகிறது என்பதைப் பார்க்கும் குழந்தை, தான் பார்ப்பது வேறோர் உலகம் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்கிறது.

வார்னர் நிறுவனத்தின் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் 1949இல் தொடங்கிய ரோட் ரன்னர் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் ஒரு பறவையை, கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு துரத்தும் கதை அது. அந்தப் பறவை கொயோட்டியைத் தானாக ஒருபோதும் தாக்குவதில்லை. கொயோட்டி வரவழைக்கும் கருவிகளும் அவன் வகுக்கும் திட்டங்களும் அவனையே திருப்பி அடிக்கின்றன. பாறை விளிம்பைத் தாண்டி ஓடியவன், கீழே பார்க்கும் வரை விழுவதில்லை. பார்த்த பிறகுதான் விழுகிறான். இதை வன்முறை என்று வகைப்படுத்துபவர், பேராசையின் தோல்வியைப் பற்றிய மிக நுட்பமான நகைச்சுவை ஒன்றை வெறும் காயக் கணக்காகப் படிக்கிறார் என்றே சொல்வேன்.

இன்றைய உணர்வுக்கு ஏற்ப மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதும் நாம் அறியாதது அன்று. 1975இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக அதே ஹன்னா, பார்பரா நிறுவனமே டாமையும் ஜெர்ரியையும் நண்பர்களாக்கியது. எலியின் கழுத்தில் சிவப்பு வில் டை. பூனையும் எலியும் கைகோத்து ஊர் சுற்றின. யாருக்கும் அடிபடவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. படைத்தவர்களாலேயே முடியாத ஒன்றை நாம் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?

செங்காந்தள்:

"குழந்தை புரிந்துகொள்கிறது" என்பதை நண்பர் கரிச்சான் மிக எளிதாகச் சொல்லிவிட்டார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா பொம்மையை வைத்து நடத்திய ஆய்வுகளில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதை நேரில் பார்த்த குழந்தைகளைப் பற்றிய 1961ஆம் ஆண்டு ஆய்வுதான் பலருக்கும் தெரியும். 1963இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அதை நீட்டித்தபோது, ஒரு குழுவினருக்குப் பூனை வேடமிட்டவர் அதே பொம்மையைத் தாக்கும் கார்ட்டூன் பாணிப் படத்தைக் காட்டினார்கள். அந்தக் குழுவினரிடமும், எதையும் பார்க்காத குழுவினரை விடக் கூடுதலான தாக்குதல் நடத்தை தென்பட்டது. வேறோர் உலகம் என்ற திரை அவ்வளவு தடிமனானது இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனாலும் என்னுடைய முதன்மையான ஆட்சேபம் அடிதடி பற்றியதே அன்று. டாம் அண்ட் ஜெர்ரியில் வீட்டுப் பணிப்பெண்ணாக வரும் கறுப்பினப் பெண் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். கால்களும் செருப்பும் துடைப்பமும் தெரியும். முகத்தைப் பார்ப்பது அரிது. லில்லியன் ராண்டால்ஃப் என்ற திறமையான நடிகை குரல் கொடுத்த அந்தப் பாத்திரத்துக்குக் கறுப்பின உரிமை அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. 1952க்குப் பின் அது படங்களில் வரவில்லை. 1960களில் தொலைக்காட்சியில் காட்டுவதற்காக, அந்தப் பெண் வரும் இடங்களை வேறு உருவமாக வரைந்து, வேறு குரல் சேர்த்து மாற்றினார்கள். வெடி வெடித்ததும் முகம் கரியாகி, தலைமுடி சடையாகி நிற்கும் அந்தப் பழகிப்போன காட்சி எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதை விளக்க வேண்டிய தேவையில்லை. வார்னர் நிறுவனத்தின் லூனி டூன்ஸ் கார்ட்டூன் தொகுப்பிலிருந்து 11 படங்கள் 1968இலேயே இத்தகைய இனக் கேலிக்காக ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. ஆகவே, "இன்றைய உணர்வு" என்று நாம் சொல்வது நேற்று முளைத்தது அன்று; அந்தப் படங்கள் வெளிவந்த காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது, காதில் விழவில்லை என்பதுதான் வேறுபாடு.

கரிச்சான்:

இனக் கேலியை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அதில் தோழி செங்காந்தளோடு எனக்கு வழக்கே இல்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டின் எடையைத் தூக்கி, கார்ட்டூன்களில் தலையில் விழும் கொல்லர் பட்டடைக் கல்லின் மேலும் வைப்பது நியாயம் இல்லை. இரண்டும் ஒரே படத்தில் இருக்கலாம். ஒரே தவறு ஆகிவிடாது.

அதோடு, இனக் கேலியைச் சத்தமில்லாமல் வெட்டி எறிவதும் எனக்கு உடன்பாடில்லை. குறுந்தட்டுத் தொகுப்புகளில் வார்னர் நிறுவனம் ஒரு முன்னெச்சரிக்கையைச் சேர்த்தது. இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆனால் அவற்றை மறைத்தால் அத்தகைய தப்பெண்ணமே இருந்ததில்லை என்று சாதிப்பது போலாகிவிடும் என்பது அதன் சாரம். ஒரு வளர்ந்த சமூகம் பேச வேண்டிய முறை அதுதான்.

வழிப்போக்கன்:

அந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது எச்சரிக்கை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது படம் தொடங்கும் முன் வரும் சில எழுத்துகள், அவ்வளவுதான்.

நீலமணி:

அனிமேஷன் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் வேறொரு கோணத்தைச் சொல்ல விரும்புகிறேன். இங்கே எல்லோரும் உணர்வு மாறியதால் அடிதடிக் கார்ட்டூன் போயிற்று என்ற அடிப்படையிலேயே வாதிடுகிறீர்கள். உண்மையில் அதைக் குற்றுயிராக்கியது பணம். எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியதற்குக் காரணம் பெற்றோர் எதிர்ப்பு அன்று. பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே புதிய படங்களுக்கு நிகராக வருவாய் வருகிறது என்று நிர்வாகம் கண்டுகொண்டதுதான். அங்கிருந்து வெளியே வந்த ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சியின் சிறிய செலவுக்குள் அடங்கும்படி, உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் அசைக்கும் முறையைக் கையாண்டார்கள். அடிதடி நகைச்சுவைக்கு உயிரே ஓவியங்களின் எண்ணிக்கைதான். பூனை ஓடி வந்து, நின்று, திரும்பி, விழி பிதுங்கி, பிறகு அடிபட வேண்டும். அந்த ஒவ்வோர் அசைவுக்கும் அந்தப் படங்களின் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியின் இசை அடியோடு அடியாகப் பொருந்த வேண்டும். அதற்குரிய ஓவியங்களை வரையக் காசு இல்லாதபோது பாத்திரங்கள் பேசத் தொடங்கிவிட்டன. சக் ஜோன்ஸ் இத்தகைய நிகழ்ச்சிகளைப் படம் போட்ட வானொலி என்று கேலி செய்ததில் உண்மை இருக்கிறது.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சியைச் சீர்படுத்தக் கோரிய பெற்றோர் அமைப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகே 1968இல் தொடங்கியது. தொலைக்காட்சி வன்முறை பற்றிய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1972இல் வந்தது. கற்பனை வன்முறைக்கென்று தனிக் குறியீடு அடங்கிய அமெரிக்கத் தரக்குறியீட்டு முறை 1990களின் பிற்பகுதியில் வந்தது. இவை எல்லாம் வந்து சேர்ந்தபோது, புதிதாக எடுக்கப்படும் அடிதடிக் கார்ட்டூன் என்பது ஏற்கெனவே அரிதாகியிருந்தது. கட்டுப்பாடுகள் வெட்டியது பெரும்பாலும் பழைய சரக்கைத்தான்.

வழிப்போக்கன்:

நீலமணி அவர்களின் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அசைவும் இசையும் அவ்வளவு இறுக்கமாகப் பின்னப்பட்ட ஒரு படத்தில் நான்கு நொடியை வெட்டினால் என்ன மிஞ்சும்? 2006இல் பிரிட்டனில் ஒரே ஒரு நேயர், இரண்டு டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் புகைபிடிக்கும் காட்சி வருகிறது என்று ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமிடம் புகார் கொடுத்தார். ஒன்றில் டாம் ஒரு பெண் பூனையைக் கவர்வதற்காக ஒற்றைக் கையால் சிகரெட் சுருட்டுகிறது; மற்றொன்றில் டென்னிஸ் ஆட்டத்தில் எதிராளி சுருட்டுப் பிடிக்கிறான். அதன் விளைவாக அலைவரிசையை நடத்திய நிறுவனம் 1,500க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களை மறு ஆய்வு செய்து, புகைபிடிப்பதைக் கவர்ச்சியாகக் காட்டும் காட்சிகளை நீக்க முன்வந்தது. ஆடம்பரமாகப் புகைவிட்டுவிட்டு அசட்டுத்தனமாக அவமானப்படுவதுதான் அந்தக் காட்சியின் நகைச்சுவை. முன்பாதியை வெட்டினால் அவமானம் மட்டும் காரணமில்லாமல் நிற்கும்.

இப்படிக் கைகால் இழந்த படங்களை ஒளிபரப்புவதை விட, குழந்தைகள் அலைவரிசையிலிருந்து அவற்றை முழுமையாக எடுத்துவிட்டு, வேண்டுபவர் தேடிப் பார்க்கும் இடத்தில் ஒரு நொடியும் குறையாமல் வைப்பதே அவற்றுக்கு மரியாதை. 1956இல் வந்த ஒரு படத்தில் டாமும் ஜெர்ரியும் காதல் தோல்வியால் மனமுடைந்து தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்க, ரயிலின் ஊதல் ஒலி நெருங்கிவர, படம் முடிகிறது. அதை எந்த வெட்டாலும் குழந்தைப் படமாக்க முடியாது.

கரிச்சான்:

அந்த ஒரு படத்துக்காக மற்ற 113 படங்களையும் வீட்டை விட்டு அனுப்புவதா?

அடிதடி நகைச்சுவையே இன்றைய தொலைக்காட்சிக்கு ஒவ்வாது என்றால், 1998இல் பிரான்சில் தொடங்கிய, பூனையும் கரப்பான்களும் மோதும் ஆகி அண்ட் தி காக்ரோச்சஸ் தொடர் எப்படி இன்றுவரை ஓடுகிறது? வசனமே இல்லாத ஷான் தி ஷீப் என்ற ஆட்டுத் தொடர் 2007இலிருந்து எப்படி நிலைத்திருக்கிறது? 2020இல் லூனி டூன்ஸ் புதிதாக எடுக்கப்பட்டபோது முயலை வேட்டையாடும் எல்மர் ஃபட்டின் துப்பாக்கியையும், முரட்டுக் கௌபாய் யோசெமிட்டி சாமின் துப்பாக்கிகளையும் எடுத்துவிட்டார்கள். டைனமைட்டும் பட்டடைக் கல்லும் அப்படியே இருந்தன. எல்மர் முயலை அரிவாளோடு துரத்தலாம், துப்பாக்கியோடு துரத்தக் கூடாது என்பது எந்த அறம் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றாயிருக்கும்.

செங்காந்தள்:

விளக்க முயல்கிறேன். உண்மையான துப்பாக்கியால் உண்மையான பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் சாகும் நாட்டில் எடுக்கப்படும் படம் அது. டைனமைட் குச்சியைக் குழந்தை எங்கே போய் எடுக்கும்? துப்பாக்கியோ அங்கே மேசை இழுப்பறையில் இருக்கக்கூடும். பிரிட்டனின் ஒளிபரப்பு விதியும், குழந்தைகள் எளிதில் போலச் செய்யக்கூடிய ஆபத்தான செயலை, தகுந்த காரணம் இல்லாமல் குழந்தைகள் நிகழ்ச்சியில் காட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. அளவுகோல் வன்முறையின் கடுமை அன்று, அது கைக்கெட்டும் தூரம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உங்கள் ரோட் ரன்னரை நான் தாராளமாக அனுமதிப்பேன். ராக்கெட்டும் ராட்சத ரப்பர் வில்லும் பாலைவனப் பாறையும் எந்த வீட்டிலும் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரியில் நடப்பதெல்லாம் வீட்டுக்குள். சூடான இஸ்திரிப் பெட்டி முகத்தில் விழுகிறது, வால் மின் இணைப்புக்குள் போகிறது, விரல் எலிப்பொறியில் சிக்குகிறது, வாணலி தலையில் இறங்குகிறது. ஒவ்வொன்றும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ள பொருள். கலை நேர்த்தியில் இரண்டும் சமமாக இருக்கலாம். ஒளிபரப்பும் பொறுப்பில் இரண்டும் சமம் அல்ல.

நீலமணி:

இது நான் எதிர்பாராத பிரிப்பு. ஆனால் தயாரிப்புக் கூட்டங்களில் நாங்கள் உண்மையில் பேசுவதும் ஏறக்குறைய இதையேதான். "எத்தனை அடி" என்று யாரும் எண்ணுவதில்லை; "எதனால் அடி" என்றே கேட்கிறார்கள். அதனால்தான் புதிய அடிதடித் தொடர்களில் ஆடுகளும் புழுக்களும் கரப்பான்களும் மிகுந்து, இஸ்திரிப் பெட்டிகள் குறைந்துவிட்டன.

ஒரு தகவலையும் சேர்க்கிறேன். அமெரிக்காவில் 2024இல் பழைய கார்ட்டூன்களுக்கென்றே மீடிவி டூன்ஸ் என்ற அலைவரிசை தொடங்கப்பட்டது. தொலைக்காட்சி இவற்றை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

வழிப்போக்கன்:

அது பெரியவர்களின் இளமை நினைவை நம்பி நடக்கும் அலைவரிசை. குழந்தைகளின் நேரத்திலிருந்து விலகி, பெரியவர்கள் விரும்பிப் பார்க்கும் இடத்துக்குப் படங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இதைத்தானே நான் கேட்டேன்?

கரிச்சான்:

இல்லை, நண்பரே. வீட்டில் ஓடும் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கு மட்டும் என்று எதையும் ஒதுக்க முடியாது. தாத்தா பார்க்கும்போது பேரனும் பக்கத்தில் உட்காருவான். இஸ்திரிப் பெட்டி விழும்போது இருவரும் சேர்ந்தே சிரிப்பார்கள், அவர் தேவைப்பட்டால் ஒரு வார்த்தை சொல்வார். குழந்தையைத் தனியே விட்டுவிட்டு மணிக்கணக்கில் ஓடவிடுவதுதான் தவறு என்றால், அந்தத் தவறு நிகழ்ச்சி நிரலைப் போட்டவருடையது. 1940இல் அந்தப் பூனையை வரைந்தவருடையது அன்று. தோழி செங்காந்தளின் அளவுகோலை எச்சரிக்கைக் குறிப்புக்குப் பயன்படுத்துங்கள், நான் எதிர்க்க மாட்டேன். விலக்குவதற்குப் பயன்படுத்தினால் எதிர்ப்பேன்.

செங்காந்தள்:

பக்கத்தில் தாத்தா இருக்கும் வீடுகளை வைத்து விதி எழுத முடியாது. யாரும் இல்லாத வீட்டையும் கணக்கில் கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. நான் விலக்கச் சொல்வது குழந்தைகள் அலைவரிசையின் காலை நேரத்திலிருந்து மட்டும்தான்.