கிணற்று வாளி

அத்தை, காலை 6:12
யாராவது விழித்திருக்கிறீர்களா? சின்னவனுக்கு இரவு முழுவதும் வயிற்றுப்போக்கு, ஏழெட்டு முறை போய்விட்டான், வெறும் தண்ணீராகப் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். சரிதானே?

அக்கா, 6:14
இல்லை அத்தை. 1 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலத்தையும் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் உப்பு கூடிப்போய் பிள்ளைக்கே கெடுதல். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். சிறுநீர் போனானா?

அத்தை, 6:15
நேற்று மாலை போனான். அப்புறம் இல்லை

அக்கா, 6:15
அப்படியானால் காத்திருக்க வேண்டாம், வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். துத்தநாக மாத்திரையும் கேளுங்கள், அவன் வயதுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம். போக்கு நின்றாலும் 10 நாளாவது கொடுக்க வேண்டும், எல்லோரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மாமா, 6:21
வண்டி எடுத்தாயிற்று

பெரியப்பா, 7:40
எல்லாம் சூடு. வெயில் இறங்கினால் சரியாகிவிடும்.

அண்ணன், 7:43
பெரியப்பா, இந்த வாரம் மட்டும் தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே கதை. நான்கு வீட்டுக்கும் ஒரே கிணறு. சூடு வீடு பார்த்தா வரும்?

பெரியப்பா, 7:45
கிணற்றைச் சொல்லாதே. காசு போட்டால் அடியில் தெரியும், அவ்வளவு தெளிவு. 60 வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?

தம்பி, 7:46
முன்னனுப்பப்பட்டது: படிகாரக் கட்டியை ஒரு சுற்று சுற்றினால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்! 10 பேருக்கு அனுப்பவும்!

அக்கா, 7:47
படிகாரம் கலங்கலை அடியில் படிய வைக்கும், அவ்வளவுதான். கிருமி சாகத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட வேண்டும்.

தம்பி, 7:48
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன், 8:05
பெரியப்பா, தெளிவு என்றதும் ஞாபகம் வந்தது. 1854இல் லண்டனில் பிராட் தெரு என்று ஓர் இடம், அங்கே அடிகுழாய்த் தண்ணீர் அவ்வளவு ருசி என்று வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு பாட்டி ஆள் வைத்து வரவழைத்துக் குடித்தாராம். அந்தத் தண்ணீரில்தான் காலரா இருந்தது, அந்தப் பாட்டியும் தப்பவில்லை, மொத்தம் 600 பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எந்த வீட்டில் சாவு, அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் கண்டுபிடித்து, குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பிறகு தோண்டிப் பார்த்தால் கிணற்றுக்கு மூன்று அடி கூடத் தள்ளாமல் ஒரு வீட்டுக் கழிவுக் குழி கசிந்துகொண்டிருந்தது. போக்கு கண்ட ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

அத்தை, 8:11
இங்கே குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். துணியைப் பற்றிப் படித்ததும் திக்கென்றது. அவன் துணியை நான் கிணற்றடியில்தான் அலசுகிறேன். பால் குடிக்கிற பிள்ளை மலம்தானே, ஒன்றும் செய்யாது என்று இருந்துவிட்டேன்

அக்கா, 8:13
அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம் அத்தை. உண்மையில் பிள்ளைகளுக்குத்தான் அடிக்கடி தொற்று வரும், அதனால் அவர்கள் மலத்தில் கிருமி அதிகமாகவே இருக்கலாம். கழிவறையில் கொட்டிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பெரியப்பா, 8:20
லண்டன் கதை சரி. நம் வீட்டில்தான் கழிவறைக்கு முறைப்படி இரட்டைக் குழி போட்டிருக்கிறதே?

அண்ணன், 8:22
கிணற்றிலிருந்து எத்தனை தப்படி?

பெரியப்பா, 8:31
12. இப்போதுதான் நடந்து பார்த்தேன்

அண்ணன், 8:36
அகதி முகாம்களுக்குக்கூட ஸ்பியர் என்ற நிவாரணப் பணிக் கையேடு 30 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது, குழியின் அடி நிலத்தடி நீருக்கு 1.5 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்கிறது. மழைக்காலத்தில் நம் கிணற்றில் கை நீட்டினால் தண்ணீர் எட்டும், அப்போது குழியின் அடி எங்கே இருக்கும் என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று, இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதன் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு வழி அடைத்திருக்க வேண்டும். ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்கு மாற்றிவிட்டு, முதல் குழியை 2 வருடம் தொடாமல் விட்டால் வாடை இல்லாத மண்ணாகிவிடும், பிறகு பயப்படாமல் அள்ளலாம். இரண்டும் திறந்திருந்தால் இரண்டும் ஒன்றாக நிரம்பும், ஆறப் போட ஒரு குழி மிஞ்சாது.

தம்பி, 8:38
குழி நிரம்பிவிடும் என்று பயந்துதானே பெரியப்பா இன்னமும் விடியற்காலையில் வாய்க்கால் பக்கம் போகிறார்

பெரியப்பா, 8:38
உன்னை யார் கேட்டது

அக்கா, 8:41
கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டேன், நாளை வருகிறார்கள். ஆனால் குழி கசிகிற வரை அது நாலு நாள் வேலைதான். குழியைத் தள்ளிப் போடாமல் முடியாது.

பெரியப்பா, 9:20
புகைப்படம்
மூடியைத் திறந்துவிட்டேன். இரண்டும் திறந்துதான் கிடக்கிறது. கட்டியவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தை, 10:02
சிறுநீர் போய்விட்டான்!! பிஸ்கட் கேட்டு அழுகிறான்

அக்கா, 10:02
அப்பாடா

பெரியப்பா, 10:09
நல்லது. கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டேன். மற்ற மூன்று வீட்டுக்கும் நீங்கள் யாராவது சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.